லாடம் அடித்தவர்களின் சரித்திரம்: செஞ்சிச் சீமையும் குதிரைத் தொழிலும்



சென்ற மாதம் எங்கள் மத்ரஸாவில் சிறுவர்களுக்கு ‘அல்ஆதியாத்’ அத்தியாயத்தின் பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீதும், குளம்படியில் தீப்பொறி பறக்கச் செய்யும் குதிரைகள் மீதும் அல்லாஹ் சத்தியமிட்டுத் தொடங்கும் அத்தியாயம் அது. தன்னைப் பேணுகின்ற எசமானுக்காக ஒரு விலங்கு இத்தனை பாடுபடுகின்றது, மனிதனோ தன் இறைவனுக்கு நன்றி மறந்தவனாக இருக்கின்றான் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் கேட்டான்: “ஹஜ்ரத், நம்ம ஊர்ல குதிரை இருந்துச்சா?”

“இருந்தது. செஞ்சிக்கோட்டையில் லாயமே இருக்கிறதே, நீ பார்த்ததில்லையா?” என்றேன். உடனே பக்கத்திலிருந்த பையன் அவனைச் சுட்டிக்காட்டி, “இவங்க நன்னா லாடம் அடிக்கிறவரு, ஹஜ்ரத்!” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கேள்வி கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்று பாடம் முடியும்வரை அவன் நிமிரவில்லை.

அந்தச் சிரிப்பு என் மனத்தை விட்டு அகலவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. குதிரையைப் பற்றி நம் ஊர்களில் கதைகள் ஏராளம். ஆனால் அவையெல்லாம் ஏறி அமர்ந்தவர்களின் கதைகள். குதிரையை நிற்கவும் நடக்கவும் வைத்தவர்களின் கதையை எவரும் பாடி வைக்கவில்லை.

செஞ்சியிலிருந்தே தொடங்குவோம். அவலூர்பேட்டையிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கோட்டை மலைகள் கண்ணில் படும். இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைச் சூழ்ந்து வளைவு வளைவாக நீளும் கல் மண்டபங்களைக் குதிரை லாயம் என்று காட்டுவார்கள். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், 1677இல் சிவாஜி, எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர், பிறகு புந்தேலர், ஆற்காடு நவாபு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை அது. எவர் வந்தாலும் அவருடைய குதிரைகளுக்கு இடம் வேண்டியிருந்தது.

தேசிங்குராஜன் கதையை அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. 1714ஆம் ஆண்டு ஆற்காடு நவாபு சஆதத்துல்லாஹ் கானின் பெரும்படையை எதிர்த்து, ஒரு சிறு படையோடு பொருது மாண்ட இளைஞன் அவன். அவனுடன் உயிர் நீத்த நண்பர் மகபத்கான் நம்மவர். கதைப்பாடல் அவரை ‘மோவுத்துக்காரன்’ என்றழைக்கும். திருமணக் கோலத்திலிருந்து நேரே போர்க்களத்துக்கு வந்ததாக அக்கதை அவரைச் சொல்கிறது. ஒரு முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்து, இந்து நண்பனுக்காக ஒரு முஸ்லிம் வீரர் இறந்தார் என்பதை இன்றைய நாளில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் நான் இங்கு சொல்ல வந்தது வேறு. தேசிங்கின் குதிரை பாராசாரி, மகபத்கானின் குதிரை நீலவேணி என்று விலங்குகளின் பெயர்கள்கூட முந்நூறு ஆண்டுகளாக மக்கள் வாயில் நிற்கின்றன. அவ்விரு குதிரைகளுக்கும் கொள்ளு வேகவைத்தவர் யார், குளம்பைச் சீவி லாடம் பொருத்தியவர் யார் என்று பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இக்குதிரைகள் எங்கிருந்து வந்தன? இந்த மண்ணில் பிறந்தவை இல்லை என்பதே பெரும்பாலும் விடை. தமிழகம் பல நூற்றாண்டுகளாகக் குதிரையைக் கடல் வழியே வாங்கிய நாடு. அவ்வணிகத்தில் நம் முன்னோர்க்குப் பெரும்பங்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் நடந்த குதிரை வாணிபத்தை, ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். கீஷ் தீவின் தலைவரான மாலிகுல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்புவதென்று உடன்படிக்கை. கத்தீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்து கிடைப்பனவற்றை அனுப்புவதும் அதில் அடங்கும். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். அதற்கு முந்தைய ஒரு காலத்தில் மஃபர் என்ற நம் கரைக்கும், கம்பாயத்து முதலிய பிற துறைமுகங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மொத்த விலை 22 லட்சம் தீனார் என்றும் அவர் கணக்குக் கொடுக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன.

அந்த உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை என்னை நிறுத்தியது. வழியில் கப்பலிலேயே குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசுக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். வாணிபச் சட்டம் கற்பிக்கின்றவன் என்ற முறையில் இதை வாசிக்கும்போது புருவம் உயராமல் இல்லை. ஒப்படைக்கப்படாத பொருளின் இழப்பு விற்றவனையே சாரும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் பொது விதி. அரசன் தானாக விரும்பி ஏற்றுக்கொண்டான் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது நிறைவாகத் தோன்றவில்லை.

இதைவிடக் கடுமையான ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. அதே காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சொல்வது அது. ஹுர்முஸ், கீஷ், ளுஃபார், ஏடன் ஆகிய ஊர்களின் வணிகர்கள் பாண்டியனுக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் விற்கின்றனர். ஆண்டு முடியும்போது நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம் இந்நாட்டில் லாடக்காரரும் இல்லை, குதிரை வைத்தியம் அறிந்தவரும் இல்லை. அப்படிப்பட்டவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொள்கின்றனர். குதிரைகள் சாகச் சாக அவர்களுக்கு விற்பனை என்கிறார் அவர்.

நம் ஊர் மேடைகளில் அரபு வணிகர்களின் நாணயத்தைப் பேசும்போது இந்தப் பகுதியை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. மார்க்கோ போலோ காதால் கேட்டதையும் எழுதுகிறவர், தாமும் ஒரு வணிகர், போட்டியாளரின் கண் கொண்டு பார்த்திருப்பார் என்று ஒதுக்கிவிடலாம். வஸ்ஸாஃப் வேறுவிதமாகச் சொல்கிறார்: இங்குள்ளோர் குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டு, வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டிக் கொழுக்கவைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டுகின்றனர், ஆகையால் நல்ல குதிரையும் சீக்கிரம் கெட்டுப்போகிறது. இருவர் கூற்றிலும் பொதுவாக நிற்பது ஒன்று: குதிரை வந்தது, அதைப் பேணும் அறிவு கூடவே வரவில்லை. தடுத்தார்களோ, அல்லது கொண்டுவர வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லையோ, இழப்பு ஒன்றுதான். ஈரமான தானியத்தை உலர்ந்த தானியத்தின் கீழே மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் எல்லோரும் அறிந்ததே. குதிரையின் வாயில் பல்லை எண்ணிக் காட்டிவிட்டு, அதைக் காப்பாற்றும் வழியைச் சொல்லாமல் விடுவது அதற்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரக் குடும்பமும் யோசித்துப் பார்க்கட்டும்.

சரி, இங்கேயே வளர்த்தால் என்ன? இக்கேள்வி அன்றே எழுந்திருக்கிறது. உயர்ந்த சாதிப் பெட்டையை உயர்ந்த சாதி ஆண்குதிரையோடு சேர்த்தாலும் இங்கு பிறக்கும் குட்டி கால் கோணியதாய், ஏறுவதற்கு உதவாததாய் இருக்கிறது என்று மார்க்கோ போலோவே எழுதுகிறார். ஈரப்பதமும், சத்துக் குறைந்த புல்லும், பேணத் தெரியாமையும் சேர்ந்த விளைவு என்றே நான் எண்ணுகிறேன். நம்மிடம் இருந்தவை மட்டக்குதிரைகள். சுமைக்கும் வண்டிக்கும் ஆகும், படைக்கு ஆகா. உயரமும் உலர்ந்த காற்றும் கொண்ட மைசூர்ப் பீடபூமி வேறு நிலம். திப்பு சுல்தான் குனிகல்லில் தம் குதிரைப்படைக்காகக் குதிரைகளை வளர்த்தார். அவருக்குப் பின்வந்த ஆங்கிலேயரும் அந்த மேட்டு நிலத்தையே நாடினர்.

இவ்விடத்தில் நம் வட்டாரத்தின் கதை பெங்களூரோடு சேர்கிறது. 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும் கும்பினியாரின் கைக்குப் போயிற்று. 1809இல் அவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி, பழைய பேட்டைக்கு அப்பால் புதிதாக ஒரு படைக்குடியிருப்பை அமைத்தனர். ஆங்கிலத்தில் கண்டோன்மெண்ட்; நம்மவர் வாயில் ‘தண்டு’. அங்கே பிழைக்கப் போனவர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காடு, தென்னாற்காடு சீமைகளின் தமிழர்கள். முதலியார்கள் காண்டிராக்ட் எடுத்தனர். நம்மவர்கள் இறைச்சி, தோல், வண்டி, கடைத்தெரு என்று பரவினர். கண்டோன்மெண்டில் இன்றும் தமிழும் உருதும் கலந்து ஒலிப்பதற்கு வித்து அங்கேதான் விழுந்தது. இப்போது காமராசர் சாலை எனப்படும் வீதிக்கு அக்காலத்தில் கேவல்ரி ரோடு, அதாவது குதிரைப்படைச் சாலை என்று பெயர்.

1824ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில், ஓசூரை அடுத்த மத்திகிரியில், படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்று கும்பினியார் ஒரு பண்ணை ஏற்படுத்தினர். இன்று தமிழக அரசின் கால்நடைப் பண்ணையாக இயங்குவது அதுவே. அதே ஆண்டு பாரசீகத்து ஷீராஸிலிருந்து ஆகா அலி அஸ்கர் என்ற பதினாறு வயது இளைஞர் தம் சகோதரர்களுடன் குதிரைகளைக் கொண்டுவந்து பெங்களூரில் இறங்கினார். வஸ்ஸாஃபின் அதே ஷீராஸ்! ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் குதிரை அதே திசையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயப் படையும் மைசூர் மகாராஜா மும்முடி கிருஷ்ணராஜ உடையாரும் அவரிடம் குதிரை வாங்கினர். 1834 முதல் 1861 வரை மைசூரை நிர்வகித்த கமிஷனர் மார்க் கப்பன் அரபுக் குதிரைகளின் மேல் பெரும்பித்துக் கொண்டவர். அலி அஸ்கருக்கு நெருங்கிய நண்பரானார். அலி அஸ்கர் பிறகு கட்டடத் தொழிலிலும் இறங்கிக் கண்டோன்மெண்டில் பல பங்களாக்களைக் கட்டினார். 1891இல் மறைந்த அவருடைய பெயரை அங்கு ஒரு சாலை இன்றும் தாங்குகிறது. 1926 முதல் 1941 வரை மைசூர் திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயீல் அவருடைய பேரர்.

காயல் வணிகர்களுக்கும் இவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் விற்றுவிட்டுக் கப்பலேறினர். இவர் விற்ற ஊரிலேயே தங்கிவிட்டார். விற்ற குதிரை நொண்டினால் மறுநாள் காலையில் வாங்கியவன் வாசலில் வந்து நிற்பான். தங்கிவிட்ட வியாபாரிக்கு லாடக்காரர் தேவை.

கண்டோன்மெண்டில் அவர்கள் இருந்தனர். ஒரு படைக்குதிரைக்குப் பின்னால் எத்தனை கைகள் உழைத்தன என்று பாருங்கள். குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லறுப்பவர் என்பது அக்கால வழக்கம். வடநாட்டில் புல்லறுப்பவர் ஆண். தென்னாட்டில் அது குதிரைக்காரரின் மனைவியின் வேலை என்று ஆங்கிலேயர் தம் சொல்லகராதியிலேயே குறித்துவைத்துள்ளனர். அறுகம்புல்லை வேரோடு கொத்தி எடுத்து, மண்ணை உதறி, அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மழையில்லாத மாதங்களில் புல்லைத் தேடி எத்தனை தூரம் நடந்திருப்பார்களோ! அடுத்தது கொள்ளு. ஆங்கிலத்தில் அந்தப் பயறின் பெயரே குதிரைப் பயறு என்றாகிவிட்டது. மானாவாரிப் பயிரான அதை வேகவைத்து, ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். வேகாத கொள்ளு குதிரைக்கு வயிற்றுவலி தரும். நம் வீடுகளில் சளிக்குக் கொள்ளு ரசம் வைக்கும்போது, இந்தப் பயறு கும்பினியின் குதிரைப்படையையும் சுமந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

தோலுக்கு வாணியம்பாடியும் ஆம்பூரும் இருந்தன. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலைக் கொண்டு சேணம், வார், கடிவாளம் தைப்பவர்கள் தனி. நோய்க்குச் சலோத்திரி எனப்படும் குதிரை வைத்தியர். இவர்களுக்கெல்லாம் நடுவில் லாடக்காரர்.

இத்தொழிலைப் பற்றி அறிய நான் நூலைத் தேடவில்லை. அந்தச் சிறுவனின் பாட்டனாரிடமே போனேன். எங்கள் வாரச்சந்தையின் ஓரத்தில் புளியமரத்தடியில் சாக்கை விரித்து அமர்ந்திருப்பார். எழுபதைக் கடந்தவர். நான் சென்றதும் எழ முயன்றார். தடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

“எங்க அத்தாவோட அத்தா தண்டுல இருந்தவரு ஹஜ்ரத். குதிரை லாடம். எனக்கு மாடுதான் கெடச்சுது” என்றார்.

குதிரைக்கும் மாட்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அவர் சொன்னதை என் நடையில் எழுதுகிறேன். குதிரை நின்றபடியே லாடம் அடித்துக்கொள்ளும். அடிப்பவர் அதன் காலைத் தூக்கித் தம் தொடையிடுக்கில் வைத்துக்கொள்வார். அது உதைத்தால் விலா போய்விடும். ஆகவே முதலில் கழுத்தைத் தட்டிப் பேச வேண்டும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் கட்டித்தான் அடிக்க முடியும். குதிரையின் குளம்பு ஒன்றே. ஒரு காலுக்கு ஒரு லாடம். மாட்டின் குளம்பு பிளந்தது. ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டு. இரண்டிலும் சூட்சுமம் ஆணியில்தான். குளம்பின் வெளிப்புறம் நம் நகத்தைப் போல உணர்ச்சியற்றது, உள்ளே உயிர்ச்சதை. ஆணி சற்றுச் சாய்ந்து வெளிப்பக்கமாக வந்தால் சரி. உள்பக்கம் இறங்கினால் விலங்கு நொண்டும், சீழ் பிடிக்கும். ஆணி இறங்கும் சத்தத்தைக் கேட்டே எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வாராம். “சத்தம் மந்தமா வந்தா உடனே புடுங்கிடணும். வாயில்லா சீவன், அது சொல்லாதுல்ல” என்றார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்டதையும், குதிரைகளின் விஷயத்தில் இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகக் காரணம் சொன்னதையும் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா பதிவு செய்திருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். “அப்படியா?” என்று கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

கண்டோன்மெண்டின் குதிரைக்காலம் நீடிக்கவில்லை. இங்கே வளர்த்தவை படையின் தேவைக்குப் போதாமல், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பல் கப்பலாக ‘வேலர்’ குதிரைகள் சென்னையில் வந்து இறங்கின. இரண்டாம் உலகப்போரை ஒட்டிக் குதிரைப்படைகள் மோட்டார் வண்டிக்கு மாறின. ஊர்களில் ஜட்கா வண்டிகள் இன்னும் சில பத்தாண்டுகள் ஓடின. அவற்றை ஓட்டியவர்களில் நம்மவர் மிகுதி. வேலூர், ஆம்பூர்ப் பக்கம் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அந்தக் குளம்போசை நினைவிருக்கும். பின்னர் ஆட்டோ ரிக்‌ஷா வந்தது. லாடக்காரரின் கைக்கு மாட்டுவண்டி மிஞ்சியது. டிராக்டர் வந்து அதையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் சந்தை நாளில் ஐம்பது மாடு பார்த்தவர் இப்போது மூன்றோ நான்கோ பார்க்கிறார்.

பெங்களூரில் மார்க் கப்பனுக்குச் சிலை உண்டு. குதிரை மேல் கம்பீரமாக அமர்ந்திருப்பார். செஞ்சிக்கோட்டை 2025இல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி லாயத்தைப் பார்க்கவும் கூட்டம் வரும். நம்மில் ஒரு பெரும்பிரிவினரின் பெயரான ‘இராவுத்தர்’ என்பதே குதிரை வீரரைக் குறிக்கும் சொல். அதைப் பெருமையோடு பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். லாடக்காரர் என்பதை எவரும் போட்டுக்கொள்வதில்லை. நிக்காஹ் பேச வருகிறவர்கள் முதலில் விசாரிப்பதே அதைத்தான் என்று அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தம் மகன் கட்டட வேலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

புறப்படும்போது, தகரப் பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். குதிரை லாடம்; பாட்டனார் தண்டிலிருந்து கொண்டுவந்ததாம். ஒரு பக்கம் தேய்ந்து கத்திபோல் மெலிந்திருந்தது. ஆணித் துளைகளை எண்ணினேன்; ஏழு. வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று.

மறுநாள் அதைப் பெரியவரின் அனுமதியோடு வகுப்புக்குக் கொண்டுசென்றேன். அத்தியாயத்தை மீண்டும் ஓதவைத்து, குளம்பிலிருந்து தீப்பொறி பறக்கும் வசனம் வந்ததும் லாடத்தைக் கையிலெடுத்துக் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வாங்கித் தூக்கிப் பார்த்தனர். கனமாக இருக்கிறது என்றனர். பின்வரிசைக்குப் போனதும் அந்தச் சிறுவன் அதை வாங்கித் திருப்பி, தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தான்.

“இது முன்னங்காலு லாடம், ஹஜ்ரத். நன்னா சொல்லியிருக்காங்க, முன்னங்காலு வட்டமா இருக்கும், பின்னங்காலு கொஞ்சம் கூம்பா இருக்கும்” என்றான்.

எனக்கு அது தெரியாது. அவனை முன்னால் வரச்சொல்லி, மற்றவர்களுக்கும் விளக்கச் சொன்னேன்.